வேர்க்காத பிள்ளையின் தாய்

ஆட்டோக்காரனோடு ஓடிப்போனாளாம். அந்த ஆட்டோக்காரன் ஆர் என்று பார்த்தால் இரத்தினம். அறுபத்தெட்டு வயது. முழங்கால் இரண்டும் வீங்கி, பிரேக்கை மிதிக்கிறபோதெல்லாம் "அம்மா" என்று முனகுகிற மனுசன். அவனோடு ஓடுகிறதென்றால் மயூரதிதான் அவனைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். சொல்கிற வாய் கொஞ்சம் யோசித்துச் சொல்லலாம்.

அம்மாள் இறங்கியிருந்த வீட்டின் படியைத் தாண்டினாளாம். ஓம், தாண்டினாள். அதை ஆரும் மறுக்கவில்லை. வாசலில் கட்டின வேப்பங்குழையைக் கையால் விலக்கினாளாம். விலக்காமல் என்ன செய்வாள், தோளில் பிள்ளை கிடந்ததே, குழை அதன் கண்ணில் குத்தாதா? ஏன் தாண்டினாள் என்று கேட்கத்தான் உடப்பு ஊரில் ஒருத்திக்கும் நேரமில்லை. வலை காயப்போடுகிற இடத்தில் கதைக்க நேரமிருக்கு. தண்ணிக் குழாயடியில் வாளியை வைத்துவிட்டுக் கதைக்க நேரமிருக்கு.

"மூத்ததைத் தண்ணி தொட்டுக் கொன்றவள், இளையதையும் கொல்லக் கொண்டு போயிட்டாள்." இதுதான் எல்லாக் கதைக்கும் தாய்க்கதை. இதற்குப் பதில் சொல்லாமல் விட ஏலாது. கேட்கிறவர்கள் இருந்து கேட்கட்டும்.

மயூரதி முன்னேஸ்வரத்துப் பக்கத்துப் பிள்ளை. தகப்பன் வெற்றிலைத் தோட்டம் வைத்திருந்தவர். தோட்டத்துக்குள்ளே கொடிகளின் நிழலில் வளர்ந்தபடியால் வெயில் அவளுக்கு அவ்வளவு தெரியாது. பள்ளிக்கூடத்தில் ஓட்டப்போட்டி ஓடினால் மட்டும் அவளுடைய வெள்ளைச் சட்டை முதுகில் பட்டை பட்டையாக நனையும். ஒரு வரி ஈரம், ஒரு வரி காய்ந்தபடி. மற்றப் பிள்ளைகளுக்கு முழு முதுகும் தொப்பென்று நனைந்திருக்கும். "உனக்கு வேர்வையும் கஞ்சத்தனமாத்தான் வருது" என்று பகிடி பண்ணுவார்கள். அவளும் சேர்ந்து சிரித்துவிட்டுப் போயிருக்கிறாள்.

இருபத்திரண்டு வயதில் உடப்புச் சதீசுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். சதீஸ் கெட்டவன் இல்லை. குடி இல்லை, கை நீட்டுகிற பழக்கம் இல்லை. மச்சான்மாரோடு சேர்ந்து ஒரு போட்டும் இஞ்சினும் வைத்துக் கடலுக்குப் போகிறவன். அவனுக்கு இருந்த ஒரே நோய் அவனுடைய தாய் பூமணி பேசத் தொடங்கினால் அவனுடைய நாக்கு ஒட்டிக்கொள்வதுதான். வீடு கல் வைத்துக் கட்டின வீடு, மேலே தகரம். சித்திரை வெயிலில் அந்தத் தகரத்துக்குக் கீழே நின்றால் தலையில் சட்டி கவிழ்த்த மாதிரி இருக்கும்.

மூத்தவன் கவிசன் அந்த வீட்டில்தான் பிறந்தான். தலையில் மயிர் என்று சொல்ல ஒன்றுமில்லை, சோளப்பூ மாதிரி நாலு இழை. தோல் கையில் பட்டால் கடதாசி மாதிரி வறட்சி. ஆனால் எந்த வெயிலுக்குள்ளே தூக்கிக்கொண்டு போனாலும் அவனுடைய சட்டை நனையாது. மற்றப் பிள்ளைகளின் கழுத்து மடிப்பில் அழுக்கும் வேர்வையும் சேர்ந்து புளிச்ச மணம் வரும். இவன் கழுத்தில் பவுடர் போட்டால் போட்டபடி இருக்கும். பூமணிக்கு அதில் பெரிய பெருமை. வாறவர் போறவருக்கெல்லாம் பிள்ளையை நீட்டுவாள்.

"மணந்து பார் பிள்ளை, சந்தனக்கட்டை. என்ர பேரன் வேர்க்கப் பிறந்தவன் இல்லை, மற்றவன் விசிற இருந்து சாப்பிடப் பிறந்தவன்."

கேட்டவர்களும் மணந்து பார்த்து, ஓம் ஓம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இன்றைக்குக் கதை கட்டுகிறவர்களில் அந்தப் பிள்ளையை மணந்து பார்க்காதவர்கள் எத்தனை பேர்?

பிள்ளைக்கு ஒன்பதாம் மாதம் நடக்கிறபோது சித்திரை வந்தது. ஒரு நாள் மத்தியானம் அவனுக்கு நெருப்பாய்க் கொதித்தது. கன்னமும் நெஞ்சும் செக்கச் செவேல் என்று ஆனது. காய்ச்சலுக்குப் பாணி மருந்து கொடுத்தார்கள், இறங்கவில்லை. உடம்பில் சிவப்பும் சூடும் கண்டால் அது நோய் வருத்தம் இல்லை, அம்மாள் வந்து இறங்கியிருக்கிறா என்று எடுத்துக்கொள்கிற வீடுகள் இன்னும் இருக்கு. பூமணியின் வீடு அதில் ஒன்று. உடனே வாசலில் வேப்பங்குழை கட்டினாள். கறி தாளிக்கிறதை நிற்பாட்டினாள். வெளிக்காற்று படக்கூடாது என்று யன்னலுக்குச் சீலை கட்டி, பிள்ளையை மஞ்சள் துணியால் கழுத்துவரைக்கும் சுற்றிப் படுக்க வைத்தாள். அம்மாள் நிற்கிற உடம்பில் மூன்று நாளைக்குத் தண்ணி படக்கூடாது. மூன்றாம் நாள் அவவே குளிர்ந்து, தண்ணி வார்க்கச் சொல்லுவா. அதுதான் அந்த வீட்டு முறை. பூமணியின் ஐந்து பிள்ளைகளும் அந்த முறையில் பிழைத்தவர்கள். அவள் வஞ்சகமாய் ஒன்றும் செய்யவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இரண்டாம் நாள் காலையில் பூமணி கோழிக்கு அரிசி போட வெளியே போன நேரம், மயூரதிக்குப் பொறுக்கவில்லை. சீலைத் தலைப்பைத் தண்ணி முட்டியில் நனைத்துப் பிள்ளையின் நெற்றியை ஒருதரம் துடைத்தாள். பிள்ளை கண்ணைத் திறந்தது. இன்னொருதரம் துடைத்தாள். தாயைப் பார்த்து வாயைக் கூட்டி ஏதோ சொல்லப் பார்த்தது. அந்த நேரம் பூமணி உள்ளே வந்துவிட்டாள்.

"என்னடி செய்யிறாய்?"

"கண் திறந்தான் மாமி. தண்ணி பட்டதும் கண் திறந்தான்."

"அது அவன் திறக்கேல்லை. அவ திறந்தவ. கோவத்தில திறந்தவ."

சீலைத் தலைப்பைப் பிடுங்கிப் பிழிந்துவிட்டு, துணியை இன்னும் இறுக்கிச் சுற்றினாள். அன்று மத்தியானம் பிள்ளைக்கு வலிப்பு வந்தது. அப்போதும் இரத்தினத்தின் ஆட்டோதான். சிலாபத்து ஆசுபத்திரிக்குப் பாதி வழி போகிறதுக்குள்ளே மடியில் கிடந்தது பாரம் மட்டும்தான்.

அதற்குப் பிறகு ஊர் அவளுக்கு ஒரு பெயர் வைத்தது. தண்ணி தொட்டவள். பூமணி அவளை அடிக்கவில்லை, ஏசவில்லை. அவள் கையால் வார்த்த தண்ணியைக் குடிக்கிறதை மட்டும் நிற்பாட்டினாள். சாப்பிட இருந்தால் தானே எழும்பிப் போய்த் தானே மொண்டு குடிப்பாள். ஒரு நாளைக்கு ஆறு தரம், ஏழு தரம். இரண்டு வருசம். அதைவிட ஏச்சு வேண்டுமா?

மயூரதியும் அதை நம்பினாள். அதுதான் இதில் பெரிய கொடுமை. நம்பாமல் இருந்திருந்தால் ஒரு சண்டையாவது பிடித்திருப்பாள். அவள் கோயில் வெளியில் உருண்டாள், விரதம் பிடித்தாள், ஈரச் சீலையோடு வீட்டுக்குள் வரப் பயந்தாள்.

பிறகு அபினாஸ் பிறந்தான். தலையில் அதே நாலு இழை. அதே கடதாசித் தோல். பூமணி மறுபடியும் மணந்து பார்த்துச் சந்தனக்கட்டை என்றாள். அந்தச் சொல்லைக் கேட்டதும் மயூரதி பிள்ளையை அவளுடைய கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

ஊருக்கு வருகிற மிட்வைஃப் கத்தரினா, சிலாபத்து வேதக்காரப் பெண், ஸ்கூட்டியில் வந்து வீடு வீடாகப் பிள்ளைகளைப் பார்க்கிறவள். கண்டிப்பான மனுசி. ஒரு நாள் பதினொரு மணி வெயிலில் வந்தவள், பிள்ளையின் கக்கத்தில் காய்ச்சல் பார்த்தாள். நூற்றிரண்டு. கிளினிக் கார்டில் குறித்துவிட்டுப் போனாள். பின்னேரம் ஐந்து மணிக்கு, வர வேண்டிய தேவை இல்லாமலே, மறுபடியும் வந்து பார்த்தாள். ஒரு மருந்தும் கொடுக்காமல் சூடு சரியான அளவுக்கு வந்திருந்தது.

"மயூரதி, இந்தப் பிள்ளைக்கு வேர்த்ததை நீர் எப்பவாவது கண்டிருக்கிறீரா?"

"இல்லை மிஸ்ஸி."

"ஒருநாளும்?"

"ஒருநாளும் இல்லை. மாமி அதைப் பெருமையாச் சொல்லுவா."

"பல்லு?"

"இன்னும் முளைக்கேல்லை."

கத்தரினா தன்னுடைய கழுத்தைக் கைலேஞ்சியால் துடைத்தாள். துடைத்த ஈரத்தைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள். "நாளைக்குச் சிலாபம் ஆசுபத்திரிக்கு வாரும். நானும் வாறன். மாமியிட்ட ஊசி எண்டு சொல்லும்."

அங்கே டொக்டர் சிங்களத்தில் கதைத்தார், கத்தரினா தமிழில் சொன்னாள். முதலில் தாயின் முதுகில் மண்ணிறமாய் ஒரு மருந்து பூசி, மேலே மா மாதிரி ஒன்று தூவினார்கள். பிள்ளைக்கும் அப்படியே. பிறகு இரண்டு பேரையும் சூடான ஒரு அறையில் கொஞ்ச நேரம் இருக்க வைத்தார்கள். வேர்வை பட்ட இடமெல்லாம் அந்த மா கறுக்குமாம். மயூரதியின் முதுகை ஒரு கண்ணாடி பிடித்துக் காட்டினார்கள். கறுப்பு ஒரு வரி, வெறும் ஒரு வரி, அலை வந்து போன மணல் மாதிரி வளைந்து வளைந்து கிடந்தது. பிள்ளையின் முதுகில் ஒரு புள்ளி கறுப்பில்லை. பூசினது பூசினபடி.

டொக்டர் ஆறுதலாக விளங்கப்படுத்தினார். மனுச உடம்புக்கு ஒரு சூடு இருக்கு. அதற்கு மேலேயும் போகக்கூடாது, கீழேயும் போகக்கூடாது. அதை மூளை காவல் காக்கிறது. குளிர்ந்தால் உடம்பை நடுங்க வைத்துச் சூடாக்கும். சூடு கூடினால் இரத்தத்தைத் தோலுக்கு அனுப்பும், உள்ளே இருக்கிற சூட்டை வெளியே கொண்டுவர. தோல் வேர்க்கும், காற்றுப் பட்டு அந்த வேர்வை காயும், காய்கிறபோது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். இந்தப் பிள்ளைக்கு மூளை சரி, இரத்தம் சரி. வேர்வை வருகிற வழி மட்டும் பிறக்கும்போதே இல்லை. தாயிடம் பாதி இல்லை, பிள்ளையிடம் முழுக்க இல்லை. இது காய்ச்சல் இல்லை, போக வழியில்லாமல் நிற்கிற சூடு. அதனால்தான் காய்ச்சல் பாணிக்கு இறங்காது. வேர்வை செய்கிற வேலையை வெளியே இருந்து தண்ணிதான் செய்ய வேண்டும். ஈரத்துணி, காற்று, நிழல். இவ்வளவுதான். இவ்வளவு இருந்தால் மற்றப் பிள்ளைகள் மாதிரி வளருவான்.

"அப்ப அந்தச் சிவப்பு?" என்று மயூரதி கேட்டாள்.

"இரத்தம் தோலுக்கு வந்த சிவப்புத்தான்" என்று கத்தரினா சொன்னாள். "உடம்பு தன்னைக் காப்பாத்தப் பாத்திருக்கு."

மயூரதி மூத்தவனுடைய கதையைச் சொன்னாள். துணி சுற்றினதை, யன்னலை மூடினதை, சீலைத் தலைப்பால் இரண்டுதரம் துடைத்ததை. சொல்லிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "நான் துடைச்சதாலயா மிஸ்ஸி?"

கத்தரினா அதைச் சிங்களத்தில் சொன்னாள். டொக்டர் பேனாவை மூடி வைத்தார். அவர் சொன்ன பதிலைக் கத்தரினா தமிழில் சொன்னாள்.

"இன்னும் துடைச்சிருக்கலாமாம்."

ஊர் அவளைக் கொலைகாரி என்று சொன்னது எதற்காக? பிள்ளைக்கு நடந்த ஒரே நல்ல காரியத்துக்காக. அவள் இரண்டு வருசம் கோயில் மண்ணில் உருண்டது எதற்காக? அதற்காகத்தான். அன்றைக்கு அழவில்லையாம். பஸ்ஸில் வருகிற வழி முழுக்கப் பிள்ளையின் தலையில் போத்தல் தண்ணியைத் துளி துளியாக விட்டுக்கொண்டே வந்தாள்.

வீட்டில் சொன்னாள். பூமணி காது கொடுக்கவில்லை. "உன்ர முதுகில அரைவாசி இல்லையெண்டு அவங்களே காட்டிப்போட்டாங்கள். அரைவாசி உடம்போட வந்து என்ர பரம்பரையைக் கெடுத்தவள்" என்று அதை வேறு பிடித்துக்கொண்டாள். சதீஸ் தலையைச் சொறிந்தான்.

அவனுக்கு விளங்குகிற மாதிரிச் சொல்ல வேண்டும் என்று மயூரதி மறுநாள் விடியக் கடற்கரைக்கே போனாள். அவன் போட்டைத் தள்ளி இஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, கடலுக்குப் போகிற எல்லாரும் செய்கிற மாதிரிப் பின்பக்கம் எட்டிப் பார்த்தான். இஞ்சின் கடல் தண்ணியை உள்ளே இழுத்துச் சூட்டை எடுத்துக்கொண்டு, ஒரு சின்ன ஓட்டையால் நூல் மாதிரி வெளியே பீச்சும். அது வராவிட்டால் ஒருத்தனும் ஓட்ட மாட்டான்.

"என்ன பாக்கிறீங்கள்?"

"மூத்திரம் போகுதோ எண்டு."

"போகாட்டி?"

"நிப்பாட்டி, ஓட்டைக்குக் கம்பி குத்துவம். இல்லாட்டி இஞ்சின் சூடாகி இறுகிப் போகும். ஏன் கேக்கிறாய் காலங்காத்தால?"

"கம்பி குத்த ஏலாத இஞ்சின் எண்டால்?"

"மேலால தண்ணி ஊத்தி ஊத்திக் கரைக்குக் கொண்டு வருவம்."

"அதைத்தான் உங்கட பிள்ளைக்குச் செய்யச் சொல்லுறன்."

மச்சான்மார் இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். சதீஸ் சிரிக்கவில்லை. அன்று பின்னேரம் ஒரு மேசைக் காற்றாடி கொண்டு வந்து வைத்தான். பனியனை நனைத்துப் பிழிந்து பிள்ளைக்குப் போடுகிறதை அவனே பழகினான். ஏழு மாதம் பிள்ளைக்கு ஒரு குறையும் வரவில்லை. முன்பல் இரண்டு, ஆணி முனை மாதிரி முளைத்தது. அதை வைத்துக் கருவாட்டுத் துண்டைக் கடித்துக் கொண்டு திரிந்தான்.

ஊருக்குத்தான் பொறுக்கவில்லை. ஈரப்பனியனோடு இருக்கிற பிள்ளையைப் பார்த்து, அம்மாளைச் சீண்டுகிறாள் என்றார்கள். பங்குனியில் போட்டில் மீன் படாமல் போனதும் அதற்கும் காரணம் கிடைத்தது. மச்சான்மார் வந்து, வீட்டைச் சரி பண்ணு, பிறகு கடலுக்குப் போவோம் என்றார்கள். போட்டு பதினொரு நாள் மணலில் கிடந்தது. பதினொரு நாளும் பூமணி அழுதாள். பன்னிரண்டாம் நாள் சதீஸ் பிள்ளையின் பனியனை நனைக்க எழும்பவில்லை. மயூரதி நனைத்தாள். அவன் பார்த்துக்கொண்டு இருந்தான்.

அதற்கு இரண்டு நாள் கழித்துக் குழாயில் தண்ணி வரவில்லை. பிள்ளையைத் தகப்பனிடம் விட்டுவிட்டு, குடத்தோடு அடுத்த தெருவுக்குப் போனாள். வரிசையில் நிற்க வேண்டியிருந்தது, ஒன்றரை மணித்தியாலம் ஆனது. அதற்குள்ளே கரண்ட் போய்க் காற்றாடி நின்றுவிட்டது. அவள் திரும்பி வருகிறபோது வாசலில் பச்சைக் குழை தொங்கியது. யன்னலில் சீலை. வீட்டில் இருந்த வாளி இரண்டும் முற்றத்தில் கவிழ்ந்து கிடந்தது.

பூமணி வாசலுக்கு வந்து குடத்தை வாங்கிக்கொண்டாள். வாங்கினதை உள்ளே கொண்டு போகாமல் வேலிக்கு வெளியே, பக்கத்து வீட்டுப் பக்கம் வைத்தாள். பிறகு படியில் இருந்த செம்பைக் காட்டினாள். அம்மாள் நிற்கிற வீட்டுக்குள்ளே நுழைகிறவர்கள் மஞ்சள் தண்ணியில் காலைக் கழுவிவிட்டுத்தான் நுழைய வேண்டும்.

"காலைக் கழுவிட்டு வா."

"பிள்ளை எங்க?"

"அவ இருக்கிறா. சத்தம் போடாத. காலைக் கழுவு."

மயூரதி செம்பைக் கையில் எடுத்தாள். காலைக் கழுவவில்லை. செம்போடு உள்ளே போனாள். பிள்ளை மஞ்சள் துணிக்குள்ளே, கன்னம் இரண்டும் சிவந்து, வாயைத் திறந்து, நாய்க்குட்டி மாதிரி இளைத்துக்கொண்டு கிடந்தது. சதீஸ் பக்கத்தில் கதிரையில் இருந்தான். கையில் வேப்பங்குழை, அதால் விசிறிக்கொண்டிருந்தான்.

அவள் துணியை உருவி எறிந்தாள். பிள்ளையை மடியில் வைத்து, செம்புத் தண்ணி முழுவதையும் தலையிலும் நெஞ்சிலும் வார்த்தாள்.

பூமணி வைத்த ஓலம் மூன்று வீட்டுக்குக் கேட்டது. காலுக்கு வைத்த தண்ணியை அம்மாளின் தலையில் ஊற்றிப்போட்டாள் என்று. ஓம், ஊற்றினாள். அந்த வீட்டில் பிள்ளைக்கென்று ஒரு சொட்டுத் தண்ணி இருக்கவில்லை, காலுக்குத்தான் இருந்தது. இருந்ததை எடுத்தாள்.

"இஞ்ச பாருங்கோ" என்று சதீசிடம் சொன்னாள். "வெளிய குடம் இருக்கு. எடுத்துக்கொண்டு வாங்கோ."

அவன் எழும்பினான். தாயைப் பார்த்தான். "மூண்டு நாள் தானே மயூரி. மூண்டு நாள் பொறுப்பம்."

"மூத்தவன் ரெண்டு நாள்தான் பொறுத்தவன்."

ஈரம் சொட்டுகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எழும்பினாள். பூமணி குறுக்கே நின்று, குழை கட்டின படியைத் தாண்டினால் திரும்ப இந்தப் படியில் ஏறாதே என்றாள். மயூரதி குழையை ஒரு கையால் விலக்கி, தாண்டினாள். வேலியடியில் குனிந்து, தன்னுடைய குடத்தில் இருந்து இரண்டு கை மொண்டு பிள்ளையின் முதுகில் வார்த்தாள். பிள்ளை சிணுங்கியது.

"மயூரி, கிளினிக் கார்ட்."

சதீஸ் வாசலுக்கு வந்திருந்தான். ஆசுபத்திரியில் முதலில் கேட்பது அந்தக் கார்டைத்தான், அவனுக்குத் தெரியும். நீட்டிக்கொண்டு நின்றான். அவளுக்கும் அவனுக்கும் நடுவில் பத்தடி மணல்.

"கொண்டு வந்து தாங்கோ" என்றாள்.

உள்ளே பூமணியின் அழுகை ஒரு கணம் நின்று, மகன் என்ன செய்கிறான் என்று பார்த்தது. வேலிக்கு வெளியே நாலைந்து பேர் கூடியிருந்தார்கள், அவர்களும் பார்த்தார்கள். மயூரதி பிள்ளையின் முதுகில் வாயால் ஊதி ஊதிக் காற்றுப் பிடித்தபடி, பூவரச நிழலில் நின்றாள். மூன்று தரம் ஊதுகிற நேரம் நின்றாள். அவ்வளவு நேரம்தான் அவளால் கொடுக்க முடிந்தது.

பிறகு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, இரத்தினத்தின் ஆட்டோ நிற்கிற சந்தியைப் பார்த்து நடந்தாள். சதீஸ் கார்டை நீட்டினபடியே நின்றான், படிக்கு உள்பக்கம்.